கடலுக்குப் பெயரான பெண்: ஹெல்லே தொன்மமும் இடப்பெயர்க் காரணமும்

முன்னுரை

பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பகுத்துக் காண்பது தமிழ் இலக்கண மரபு. சொற்பொருளுக்குரிய காரணம் நோக்கிய உடனே புலனாகிவிடாது என்பதைத் தொல்காப்பியர் உரியியலில் சுட்டுவார். காரணம் இல்லை என்று அவர் கூறவில்லை. எளிதில் வெளிப்படாது என்றே கூறினார். இந்நுண்ணிய வேறுபாடு இடப்பெயராய்வுக்குப் பெரிதும் பயன்படுவதாகும். ஓர் இடப்பெயரின் உண்மைக் காரணம் காலப்போக்கில் மறைந்துவிடும்போது, அவ்விடத்து மக்கள் அதனை வெறும் இடுகுறியென ஏற்று அமைவதில்லை. தாமே ஒரு காரணத்தைப் படைத்துக்கொள்கின்றனர். அப்படைப்புப் பல வேளைகளில் ஓர் ஆளாக உருப்பெறுகிறது. அந்த ஆளுக்குப் பிறப்பும் இறப்பும் கல்லறையும் அமைந்துவிடுகின்றன.

கிரேக்கத் தொன்மங்களில் இத்தகைய பெயர்க்காரண மாந்தர் பலர் உளர். அவர்களுள் ஹெல்லே என்னும் பெண் தனித்து நோக்கத்தக்கவள். அவள் போர் புரிந்தவள் அல்லள், அரசாண்டவள் அல்லள், கிரேக்க நாடகங்களில் தலைமை மாந்தராக நமக்குக் கிடைப்பவளும் அல்லள். அவள் கதையில் செய்யும் செயல் ஒன்றே ஒன்று, அவள் விழுகிறாள். அவ்வீழ்ச்சியால், ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரிக்கும் நீரிணை ‘ஹெல்லெஸ்பாண்ட்’ எனப் பெயர் பெற்றது என்பது கிரேக்கர் கொண்ட கருத்து. இன்று டார்டனெல்ஸ் என வழங்கும் நீரிணை இதுவே.

இத்தகைய கதைகளை அணுகுவதில் இருவகைப் பிழைகள் நேர்வதுண்டு. கதையை வரலாறாகவே கொள்வது ஒன்று. புனைவு எனக் கண்டவுடன் ஒதுக்கிவிடுவது மற்றொன்று. இரண்டும் கதையை ஒரே கேள்வியால் அளக்கின்றன: இது நடந்ததா, இல்லையா? கதையிலிருந்து பெயர் பிறக்கவில்லை, பெயரிலிருந்தே கதை பிறந்தது என்று நிறுவினாலும் ஆய்வு அங்கு முடிந்துவிடுவதில்லை. பெயர் ஏன் இந்தக் கதையைத் தேர்ந்துகொண்டது என்னும் வினா அதன் பின்னரே எழுகிறது. ஹெல்லே தொன்மத்தை இவ்விரண்டாம் வினாவின்வழி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதையும் அதன் வடிவங்களும்

அப்பொல்லோடோரஸ் பெயரில் வழங்கும் ‘நூலகம்’ என்னும் தொன்மத் தொகுப்பு கதையைத் தெளிவாகத் தருகிறது. பொயோஷியாவை ஆண்ட அதமஸுக்கும் ‘மேகம்’ எனப் பொருள்படும் நெபெலேக்கும் பிரிக்சஸ், ஹெல்லே என இரு மக்கள். அதமஸ் பின்னர்க் காட்மஸின் மகள் இனோவை மணக்கிறான். மாற்றாந்தாயான இனோ, விதைக் கோதுமையை வறுத்துவிடுமாறு பெண்களைத் தூண்டுகிறாள். விளைச்சல் பொய்க்கிறது. அரசன் டெல்பிக்கு அனுப்பிய தூதரைத் தன்வயப்படுத்தி, பிரிக்சஸைச் சியூஸுக்குப் பலியிட்டால் பஞ்சம் தீரும் என்று பொய்யாகக் கூறச் செய்கிறாள். பலிபீடத்தின் முன் நின்ற மகனை நெபெலே மகளோடு சேர்த்துக் கவர்ந்து, ஹெர்மிஸ் தந்த பொன்மயிர் ஆட்டுக்கடாவின்மேல் ஏற்றி அனுப்புகிறாள். கடா வானில் பறக்கிறது. சிகேயம் முனைக்கும் கெர்சனீஸ் தீபகற்பத்துக்கும் இடைப்பட்ட கடலில் ஹெல்லே நழுவி விழுந்து இறக்கிறாள். பிரிக்சஸ் கருங்கடலின் கீழ்க்கரையிலுள்ள கோல்கிஸ் நாட்டை அடைகிறான். அங்கு அவன் பலியிட்ட கடாவின் தோலே பின்னர் ஜேசனும் ஆர்கோ கப்பலின் வீரர்களும் தேடிச் சென்ற பொன்தோல்.

இவ்வடிவத்தில் ஒரு செய்தி எளிதில் கவனத்துக்குத் தப்பிவிடும். பொய்க்குறி கேட்ட பலி பிரிக்சஸ் ஒருவனே, ஹெல்லே அன்று. அவள் உயிருக்குத் தனித்த ஆபத்து ஏதும் கூறப்படவில்லை. அவள் அண்ணனோடு அனுப்பப்படுகிறாள், அவ்வளவே. பின்வந்த பசானியஸ் பொயோஷியாவைப் பற்றி எழுதும்போது, அதமஸ் இருவரையும் பலியிட முற்பட்டதாகக் குறிப்பார். அவ்வடிவத்தில் ஹெல்லேயின் பயணத்துக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. முன்னதிலோ கதையின் இயக்கத்துக்கு அவள் இன்றியமையாதவள் அல்லள். அவளை நீக்கிவிட்டாலும் பலி, தப்புதல், பொன்தோல், ஆர்கோ பயணம் ஆகிய அனைத்தும் குறைவின்றி நடைபெறும். நீரிணைக்குப் பெயர் கிடைக்காது என்பது ஒன்றே இழப்பு. கதைக்குத் தேவையற்ற ஒருத்தி பெயருக்கு மட்டும் தேவைப்படுகிறாள் என்பது அவள் தோற்றத்தைப் பற்றிய முதற்சான்று எனலாம்.

ஹோமரில் பெயர் மட்டும்

இலியட்டில் ஹெல்லெஸ்பாண்ட் என்னும் பெயர் பல இடங்களில் வருகிறது. அகன்றது, விரைந்தோடுவது, மீன் நிறைந்தது, எல்லையற்றது என்னும் அடைகளை அது பெறுகிறது. ஆயினும் இலியட்டிலோ ஒடிசியிலோ ஹெல்லே இல்லை. ஹோமர் ஆர்கோ பயணத்தை அறியாதவர் அல்லர். ஒடிசியின் பன்னிரண்டாம் காண்டம் ஆர்கோவை எல்லாரும் அறிந்த கப்பலாகவே குறிப்பிடுகிறது. ஜேசனின் மகன் யூனியஸ் இலியட்டிலேயே இடம்பெறுகிறான். அப்பயணக் கதையின் முற்பகுதியான ஹெல்லேயின் வீழ்ச்சி மட்டும் அதன் பெயர் ஒலிக்கும் இடங்களில் எங்கும் நினைவுகூரப்படவில்லை.

ஒருவர் சொல்லாமைகொண்டு அக்கதையே அன்று இல்லை என முடிவு கட்டுதல் பொருந்தாது. ஹெசியோடின் பெயரில் வழங்கிய பெண்டிர் மரபுப் பட்டியலில் பொன்மயிர்க் கடாவின் கதை இருந்ததெனப் பிற்கால வானியல் நூல் ஒன்று குறிக்கிறது. ஆதலின் கதையும் தொன்மையுடையதே. எனினும் பெயரைப் பயன்படுத்துவதற்குக் கதை தேவைப்படவில்லை என்பதை ஹோமர் உறுதிப்படுத்துகிறார்.

‘அகன்ற’ என்னும் அடையும் எண்ணத்தக்கது. இந்நீரிணையின் நீளம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் 1.2 கிலோமீட்டர் அளவினதே. ஹெரோடோட்டஸ் அபிடோஸ் அருகே அதன் அகலத்தை ஏழு ஸ்டேடியம் என்பார். இத்தகைய குறுகலான நீரை அகன்றது என்பது முரணாகத் தோன்றும். ஹெல்லெஸ்பாண்ட் என்னும் பெயர் எவ்வளவு நீர்ப்பரப்பைக் குறித்தது என்பதில் பண்டைக்காலத்திலேயே கருத்து வேறுபாடு இருந்ததை ஸ்ட்ராபோவின் நூற்பகுதிகள் காட்டுகின்றன. சிலர் மர்மரா கடலையும் அதனுள் அடக்கினர். சிலர் ஈஜியன் கடலின் ஒரு பகுதியையும் சேர்த்தனர். அவ்வாறாயின், ஒரு பெண் விழுந்த இடம் என்னும் குறுகிய விளக்கத்தைவிடப் பெயரின் பரப்பு பெரிது. பெயர் பரந்த நீருக்கு உரியதாக இருந்தது. கதை அதனை ஒரு புள்ளியில் கொண்டுவந்து நிறுத்தியது.

ஹோமரின் ஹெல்லெஸ்பாண்ட் கரையிலும் கல்லறைகள் உண்டு. இலியட்டின் ஏழாம் காண்டத்தில் ஹெக்டர், தன் கையால் மடிவோனின் மேடு அகன்ற ஹெல்லெஸ்பாண்ட் கரையில் எழும் என்றும், பிற்காலத்தில் அவ்வழியே கப்பலில் செல்வோர் அதைக் கண்டு கொன்றவனின் புகழைப் பேசுவர் என்றும் கூறுவான். ஒடிசியின் இறுதிக் காண்டத்தில் அக்கிலிஸின் மேடு கடலிலிருந்து தொலைவிலேயே தெரியும்படி அதே கரையில் எழுப்பப்பட்டது சொல்லப்படுகிறது. வீரன் தன் பெயர் நிலைக்க வேண்டுமென மண்ணைக் குவிக்கிறான். அந்நீரின் பெயர் எந்த வீரனுக்கும் கிடைக்கவில்லை. புகழை வேண்டாத ஒருத்திக்கே அது சென்று சேர்ந்தது.

ஹெரோடோட்டஸில் இரு நினைவுகள்

கி.மு. 480இல் பாரசீக வேந்தன் செர்க்சீஸ் ஹெல்லெஸ்பாண்டைக் கடந்து கிரேக்கத்தின்மேல் படையெடுத்தான். ஹெரோடோட்டஸ் தம் ஏழாம் நூலில் இதனை விரிவாக வரைகிறார். முதலிற் கட்டிய பாலங்களைப் புயல் சிதைக்கவே, நீருக்கு 300 கசையடிகள் கொடுக்கவும் அதனுள் விலங்கு இணையை எறியவும் வேந்தன் ஆணையிடுகிறான். பின்னர் ஒரு வரிசையில் 360, மற்றொரு வரிசையில் 314 எனக் கப்பல்களை இணைத்துப் புதிய பாலங்கள் அமைக்கப்படுகின்றன. கடக்கும் வேளையில் செர்க்சீஸ் பொற்கிண்ணத்தால் கடலுக்கு நீர்ப்பலி ஊற்றுகிறான். படை கடந்து முடிய ஏழு பகலும் ஏழு இரவும் ஆகின்றன. கடந்த படை கெர்சனீஸ் வழியாகச் செல்லும்போது, அதமஸின் மகள் ஹெல்லேயின் கல்லறையை வலப்புறத்தில் வைத்துச் சென்றது என ஆசிரியர் போகிற போக்கில் குறிக்கிறார். அங்கு அவளைப் பற்றிய கதை எதுவும் இல்லை. கல்லறை ஒரு வழி அடையாளமாக மட்டுமே நிற்கிறது.

அதே நூலின் பிற்பகுதியில் தெசலியைச் சார்ந்த ஆலோஸ் நகரில் செர்க்சீஸுக்கு உள்ளூர் வழிகாட்டிகள் ஒரு கதையைச் சொல்கின்றனர். அதமஸும் இனோவும் பிரிக்சஸைக் கொல்லச் சூழ்ந்ததும், அதன் விளைவாக அக்குடியின் மூத்தவன் நகர மன்றத்துள் நுழையக் கூடாது என்னும் தடை தொடர்வதும், மீறியவன் பலியாவதும் அங்குக் கூறப்படுகின்றன. அக்கதையில் பிரிக்சஸ் உண்டு, அவன் மகன் சிட்டிசோரஸ் உண்டு, ஹெல்லே இல்லை.

ஒரே நூலில் அமைந்துள்ள இவ்விரு குறிப்புகளும் ஒருங்குவைத்து எண்ணத்தக்கவை. சடங்கு நிலவிய ஊரில் கதை உண்டு, ஹெல்லே இல்லை. நீரிணைக் கரையில் ஹெல்லே உண்டு, கதை இல்லை. பிரிக்சஸ் ஒரு குடியின் பலிச்சடங்குக்கு உரியவன். ஹெல்லே ஓர் இடத்துக்கு உரியவள். இரு வேறு நினைவுகள் அண்ணன் தங்கை என்னும் உறவால் பின்னர்ப் பிணைக்கப்பட்டன என்று கருத இடமுண்டு. முற்பகுதியில் கண்ட வடிவத்தில் அவள் தேவையற்றவளாகத் தோன்றியதற்கும் இதுவே விளக்கமாகலாம்.

மற்றொன்றும் இங்கு நோக்கத்தக்கது. பெயர்க்காரண மாந்தரை ஹெரோடோட்டஸ் எளிதில் நம்புபவர் அல்லர். தம் நான்காம் நூலில், ஒன்றேயான நிலத்துக்கு லிபியா, ஆசியா, ஐரோப்பா என மூன்று பெண்களின் பெயர்கள் ஏன் வந்தன என்பது தமக்கு விளங்கவில்லை என்கிறார். யூரோபா என்னும் பெண் கிரேக்கர் ஐரோப்பா என வழங்கும் நிலத்துக்கு வந்ததே இல்லை என்றும் சுட்டுகிறார். யூரோபாவின் தொடர்பை ஐயுற்ற அதே ஆசிரியர் ஹெல்லேயின் கல்லறையை ஐயமின்றிக் குறிக்கிறார். கல்லறை கண்ணுக்குத் தெரிவது. கண்டம் அவ்வாறு தெரிவதில்லை. பெயர்க்காரணக் கதை நம்பத்தக்கதாவதற்குக் காலத்தைவிடக் காட்சிப்பொருளே துணை செய்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பெயரின் அமைப்பு

கிரேக்க வடிவமான ‘ஹெல்லெஸ்பொந்தொஸ்’ வெளிப்படையான தொடர். ‘ஹெல்லேஸ்’ என்பது ஆறாம் வேற்றுமை. ‘பொந்தொஸ்’ என்பது கடல். ஹெல்லேயினது கடல் என்பதே கிரேக்கர் கொண்ட பொருள். ‘பெலோபொன்னீசொஸ்’ என்பதும் இவ்வாறே பெலோப்ஸினது தீவு என அமைந்தது. முற்பகுதியின் மூலத்தை ஹெலனியர் என்னும் இனப்பெயரோடு இயைத்த ஊகங்கள் உண்டெனினும், ஐயத்துக்கு இடமற்ற முடிவு எதுவும் எட்டப்படவில்லை. இலக்கண அமைப்புத் தெளிவாக இருந்தமையால், யார் இந்த ஹெல்லே என்னும் வினாவும் தவிர்க்க இயலாததாயிற்று. இவ்வாறு பெயரின் இலக்கணமே ஓர் ஆளைக் கோரி நின்றது எனலாம்.

பிற்பகுதியான ‘பொந்தொஸ்’ ஆழ்ந்து நோக்கத்தக்க சொல். வழி எனப் பொருள்படும் ‘பந்தா’ என்னும் வடசொல்லோடும், பாலம் எனப் பொருள்படும் ‘பொன்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லோடும் அது ஒரே வேரினது. மொழியியலறிஞர் எமில் பென்வெனிஸ்ட் இச்சொற்குடும்பத்தை ஆராய்ந்து, இதன் அடிப்படைப் பொருள் போடப்பட்ட நேர்ப்பாதையன்று, இடரும் அறியாமையும் சூழ்ந்த பரப்பினூடே கடந்து செல்லுதல் என விளக்கினார். கிரேக்கருக்குக் கடல் கடப்பாயிற்று. உரோமருக்கு நீர்மேற் கட்டிய கடப்பு பாலமாயிற்று. இவ்வேர்ப்பொருளின்படி ஹெல்லெஸ்பாண்ட் என்பது ஹெல்லேயின் கடப்பு எனப் பொருள்படும்.

கதையில் அந்நீரைக் கடந்தவன் பிரிக்சஸ், கடவாதவள் ஹெல்லே. கடப்பைக் குறிக்கும் சொல் கடந்தவனோடு சேராமல், கடக்க இயலாதவளோடு சேர்ந்து நிற்கிறது. பெயரை வழங்கிய பிற்காலக் கிரேக்கர் வேர்ப்பொருளை உணர்ந்திருந்தனர் எனக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும் கடத்தலின் இடர்ப்பாடு சொல்லின் வேரிலும் உண்டு, கதையின் முடிவிலும் உண்டு என்னும் ஒற்றுமை கருதத்தக்கது. கருங்கடலிலிருந்து ஈஜியனை நோக்கி மேல்நீர் விரைந்தோடுவதும், அடியில் உவர்மிகு நீர் எதிர்த்திசையில் செல்வதும் இந்நீரிணையின் இயல்பு. ஹோமரின் ‘விரைந்தோடும்’ என்னும் அடை இவ்வியற்கைக்குப் பொருந்துகிறது. கப்பலோட்டிகள் அஞ்சிய ஒரு நீருக்குக் கடந்தவனைவிட மூழ்கியவளே பொருத்தமான காவலாள் ஆகிறாள்.

வீழ்ந்தோரும் சேர்ந்தோரும்

ஹெல்லேயை ஒத்த பிற பெயர்க்காரண மாந்தரையும் ஒப்புநோக்கும்போது ஓர் ஒழுங்கு புலனாகிறது. மெழுகுச் சிறகு உருகி இக்காரஸ் விழுந்த கடல் இக்காரியக் கடல். மகன் இறந்தான் எனத் தவறாகக் கருதி ஈஜியஸ் உயிர் மாய்த்துக்கொண்டதால் ஈஜியன் கடல். பெலோப்ஸ் தன் தேர்ப்பந்தயத்துக்குத் துணைநின்ற தேர்ப்பாகன் மிர்ட்டிலஸைத் தள்ளிய கடல் மிர்ட்டோவக் கடல். இவற்றிலும் பெயர் முன், கதை பின் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. இக்காரியக் கடல் இலியட்டின் இரண்டாம் காண்டத்திலேயே வருகிறது. சிறகுடைய சிறுவன் அங்கு இல்லை. மிர்ட்டோவக் கடல் மிர்ட்டோ என்னும் பெண்ணால் பெயர் பெற்றதெனப் பசானியஸ் வேறொரு காரணம் தருகிறார். ஒரு கடலுக்கு இரு மாந்தர் போட்டியிடுவது, மாந்தர் பெயரைத் தேடி வந்தவர்கள் என்பதையே காட்டும்.

இவற்றுள் மிர்ட்டிலஸ் கதை பெரிதும் தெளிவு தருவது. தள்ளியவன் பெலோப்ஸ், தள்ளப்பட்டவன் மிர்ட்டிலஸ். தள்ளியவனுக்குப் பெலோபொன்னீஸ் என நிலம் கிடைத்தது; தள்ளப்பட்டவனுக்குக் கடல் கிடைத்தது. ஹெல்லே கதையிலும் சேர்ந்தவனுக்குக் கோல்கிஸ் நாட்டில் மனைவியும் மக்களும் வாய்க்கின்றனர். விழுந்தவளுக்கு நீர் மட்டும் வாய்க்கிறது. நிலத்தின் பெயர் வந்து சேர்ந்தோரையும் வென்றோரையும் நினைவுகூர்கிறது. கடலின் பெயர் சென்று சேராதோரை நினைவுகூர்கிறது. கடலில் மாண்டோருக்கு மேடு எழுப்ப இயலாது என்பதை எண்ணின், கடற்பெயர் கல்லறையின் இடத்தை நிரப்புகிறது எனக் கூறலாம்.

இவ்வொழுங்கு விதிவிலக்கற்றது அன்று. பசு உருவில் அலைந்த அயோ நீரைக் கடந்தே பெயர் தந்தாள். ஈஸ்கிலஸின் பெயரில் வழங்கும் ‘புரொமீத்தியஸ்’ நாடகம் பொஸ்பொரஸையும் அயோனியக் கடலையும் அவளோடு இயைக்கிறது. எனினும் பொஸ்பொரஸ் என்பதில் அவள் பெயர் இல்லை. ‘பசு கடந்த துறை’ என்னும் நிகழ்ச்சியே உள்ளது. அயோனியக் கடல் மட்டுமே உண்மையான மறுப்பாக நிற்கிறது. ஆதலின் இதனை விதியெனக் கொள்ளாது பெரும்போக்கு எனக் கொள்வதே தகும்.

எதிர்நிலைச் சான்று ஒன்றும் உண்டு. இதே நீரிணையில் அபிடோஸிலிருந்து செஸ்டோஸுக்கு இரவுதோறும் நீந்திச் சென்று, தன் காதலி ஹீரோவைக் காணும் லியாண்டர் ஒரு புயலிரவில் மூழ்கி இறக்கிறான். அவன் கதை ஹெல்லேயின் கதையைவிடப் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்றது. ஆயினும் நீருக்கு அவன் பெயர் அமையவில்லை. பெயர் ஏற்கெனவே நிறைந்திருந்தது. மூழ்கியவரின் பெருமை பெயரைத் தீர்மானிப்பதில்லை. பெயருக்குப் பொருந்துவோரே மூழ்கியவராகின்றனர் என்பதை இது உறுதிசெய்கிறது.

பகுத்தறிவு விளக்கங்களின் குறை

பறக்கும் ஆட்டை ஏற்க இயலாத பண்டை அறிஞர் கதைக்கு இயல்பான விளக்கம் தேடினர். கி.மு. நான்காம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பலைபேட்டஸ், ‘கடா’ என்பது ஒரு மனிதனின் பெயர் என்றும், அவன் இருவரையும் கப்பலில் அழைத்துச் சென்றான் என்றும், வழியில் ஹெல்லே இறந்தாள் என்றும் கூறினார். டயடோரஸ், கப்பலின் முகப்பில் கடாவின் தலை இருந்தது என்றும், கடற்பிணியால் வருந்திய ஹெல்லே பக்கவாட்டில் மிகுதியாகச் சாய்ந்தபோது விழுந்தாள் என்றும் ஒரு கருத்தைப் பதிவுசெய்கிறார்.

இவ்விளக்கங்கள் கடாவைப் பற்றி ஐயுற்றனவே அன்றி ஹெல்லேயைப் பற்றி ஐயுறவில்லை. பறத்தல் நீக்கப்பட்டது, பொன் நீக்கப்பட்டது, பெண்ணும் வீழ்ச்சியும் நீக்கப்படவில்லை. பெயர் நிலத்தில் நிலைத்திருந்தமையால், அதன் காரணமாகச் சொல்லப்பட்டவளும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவளானாள். கதையிலுள்ள வியப்புக் கூறுகளை அகற்றிவிட்டால் எஞ்சுவது வரலாறு என்னும் எண்ணம் இன்றைய இடப்பெயராய்வுகளிலும் தலைகாட்டுவதுண்டு. ஹெல்லே கதை அவ்வெண்ணத்துக்கு ஓர் எச்சரிக்கை. வியப்பை நீக்கிய பின் எஞ்சிய எளிய செய்தியே இங்குப் படைப்பின் மையம்.

பெயர்க்காரண மாந்தர் மேலும் பெயர்க்காரணங்களைப் பெற்றெடுப்பதும் உண்டு. ஹைஜினஸ் பெயரில் உள்ள வானியல் நூல், கடலில் விழுந்த ஹெல்லேக்கும் கடற்றெய்வத்துக்கும் பயோன் பிறந்தான் என்றும், சிலர் எடோனஸ் என்பர் என்றும் கூறுகிறது. பயோனியர், எடோனியர் என்போர் ஈஜியனின் வடபாலிருந்த இனத்தார். நீரிணைக்குப் பெயரானவள் அதன் அப்பால் வாழ்ந்த மக்களுக்குத் தாயாக்கப்படுகிறாள். இங்குத் தொன்மம் நிலப்படத்தின் அண்மையைக் குருதி உறவாக மொழிபெயர்க்கிறது.

பேசும் ஹெல்லே

நமக்கு முழுமையாகக் கிடைக்கும் கிரேக்கத் துன்பியல் நாடகங்களுள் பழமையானது ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ (கி.மு. 472). அதன் முதற்பாடலிலேயே செர்க்சீஸின் படை அதமஸின் மகள் ஹெல்லேயின் நீர்வழியைக் கடந்ததெனக் குழுவினர் பாடுகின்றனர். பின்னர் டேரியஸின் ஆவி, புனிதமான அந்நீரை அடிமையென விலங்கிட்ட மகனின் செருக்கைக் கண்டிக்கிறது. வெறும் புவியியற் பெயர் போதுமானதாயிருந்த இடத்தில் கவிஞர் தந்தை பெயரோடு அவளைக் குறிப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. நீருக்கு ஓர் ஆள் இருக்கும்போதுதான் அதனை விலங்கிடுதல் குற்றமாகிறது. கடக்க வந்த ஒருத்தியை விழுங்கிய நீரின்மேல் நுகம் பூட்டிக் கடக்க முனைந்தவனுக்குப் பெயரே முன்னறிவிப்பாக நின்றது.

எனினும் அங்கு ஹெல்லே பெயராக மட்டுமே உள்ளாள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அப்பொல்லோனியஸ் இயற்றிய ‘ஆர்கோனாட்டிகா’வில் ஜேசனின் மேலாடையில் பிரிக்சஸும் கடாவும் நெய்யப்பட்டுள்ளனர். கடா பேசுவது போலவும் பிரிக்சஸ் கேட்பது போலவும் ஓவியம் அமைந்துள்ளது. ஆட்டுக்கு அங்குக் குரல் உண்டு; அவளுக்கு உருவமும் இல்லை. கப்பல் நீரிணையைக் கடக்கையில் இடத்தின் பெயராக மட்டும் அவள் வருகிறாள்.

இலத்தீன் கவிஞர்களே அவளைப் பெண்ணாகக் கண்டனர். ஓவிட் தம் ‘ஃபாஸ்டி’ என்னும் நாட்காட்டிக் காவியத்தில் மேட இராசியை ஒட்டி இக்கதையைக் கூறுகிறார். வலுவற்ற இடக்கையால் அவள் கொம்பைப் பற்றியிருந்ததும், விழுந்தவளை எட்டிப் பிடிக்க முனைந்த அண்ணன் தானும் விழ இருந்ததும், அவள் கடற்றெய்வத்தின் துணைவியானதை அறியாது அவன் அழுததும் அங்கு இடம்பெறுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டினரான வலேரியஸ் பிளாக்கஸ் மேலும் ஒரு படி சென்றார். அவர்தம் ‘ஆர்கோனாட்டிகா’வின் இரண்டாம் காண்டத்தில் ஆர்கோ நீரிணையைக் கடக்கும்போது ஹெல்லே அலைகளிடையே எழுந்து ஜேசனிடம் பேசுகிறாள். தன்னைக் கடலோர் ஏற்றுக்கொண்டதையும் நெப்டியூன் தனக்கு ஆட்சி தந்ததையும் அவளே சொல்கிறாள்.

பல நூற்றாண்டுகள் பெயராக மட்டும் இருந்தவள் இங்கு வாய் திறக்கிறாள். பெயர்க்காரணக் கதையின் வளர்ச்சியில் இது குறிப்பிடத்தக்க கட்டம். முதலில் பெயர் ஆளைத் தேடியது. பின் ஆள் பெயரை விளக்கினாள். இறுதியில் பெயருக்கு அப்பால் அவள் என்னவானாள் என்னும் அக்கறை எழுந்தது. புனைவு எனக் கண்டவுடன் ஒதுக்கும் ஆய்வு இம்மூன்றாம் கட்டத்தைக் காணாமலேயே போய்விடும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகளை இவ்வாறு தொகுத்துரைக்கலாம்.

1. ஹோமரில் பெயர் தனித்து வழங்குவதும், ஹெரோடோட்டஸில் இடமும் சடங்கும் இரு வேறு நினைவுகளாக நிற்பதும், ஹெல்லே நீரிணையின் பெயரிலிருந்து உருவாகிப் பிரிக்சஸ் கதையோடு இணைக்கப்பட்டவள் என்னும் கருத்துக்கு அரண் செய்கின்றன.

2. கடற்பெயர்க் கதைகள் பெரும்பாலும் வீழ்ந்தோரையும் நிலப்பெயர்க் கதைகள் சேர்ந்தோரையும் நாடுகின்றன. எனவே இக்கதைகள் வரலாற்றுச் செய்தியைத் தாராவிடினும், கடலையும் நிலத்தையும் ஒரு சமுதாயம் எவ்வாறு வேறுபட உணர்ந்தது என்பதைத் தருகின்றன.

3. வியப்பை நீக்கி வரலாற்றைக் காணும் முறை, பெயர்க்காரண மாந்தரையே ஐயுறாது விட்டுவிடும் இயல்புடையது. தலபுராணங்களையும் ஊர்ப்பெயர்க் கதைகளையும் சான்றாகக் கொள்ளும் தமிழ் இடப்பெயராய்வும் இவ்விடத்தில் விழிப்போடு இருத்தல் வேண்டும்.

பெயர் நிலைத்து நின்று பயன்பட்டதும் உண்மை. ஏதென்ஸின் திறைப் பட்டியல்களில் ஹெல்லெஸ்பாண்ட் ஒரு வட்டாரமாயிற்று. பிற்கால உரோமப் பேரரசில் அப்பெயரில் ஒரு மாநிலமும் அமைந்தது. பின்னர் ஆசியக் கரையிலிருந்த டார்டனஸ் நகரின் பெயர்வழி ‘டார்டனெல்ஸ்’ வழக்கேறியது. அந்நகர்ப் பெயருக்கும் டார்டனஸ் என்னும் தொன்ம மாந்தன் ஒருவன் உண்டு. விழுந்தவளின் இடத்தை, கரையில் குடியமைத்தவன் எடுத்துக்கொண்டான். துருக்கியர் இந்நீரிணையைச் சனக்கலே என்னும் கோட்டை நகரின் பெயரால் வழங்குகின்றனர். 2022 மார்ச் 18 அன்று அதன்மேல் 2,023 மீட்டர் நடு இடைவெளியுடைய தொங்குபாலம் திறக்கப்பட்டது. அதற்கு 1915 என்னும் போராண்டு பெயராக இடப்பட்டுள்ளது. செர்க்சீஸின் கப்பற்பாலங்களுக்குப் பின் ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் கழித்து அக்கடப்பு எளிதாகியுள்ளது. முதலில் கடவாது போனவளின் பெயரைப் பாலமும் தாங்கவில்லை, நீரும் இன்று தாங்கவில்லை. நூல்களே அவளுக்கு இன்று எஞ்சியுள்ள கரை.